பாடபேதம் இல்லாத சூழல்

எந்தச் சச்சரவும் இல்லாமல் வேலை நடக்கும் மென்பொருள் அணியைப் பார்த்தால் எனக்குள் ஒரு சங்கடம் எழுகிறது. முன்பெல்லாம் சாயங்கால வேளையில் யாராவது ஒருவர் இருக்கையிலிருந்து எழுந்து, "என் மெஷின்ல ஓடுதே, அங்க ஏன் ஓடல?" என்று கேட்பார். உடனே இரண்டு பேர் அவருடைய முதுகுக்குப் பின்னால் போய் நின்று திரையைப் பார்ப்பார்கள். அந்தக் கேள்வி இப்போது அநேகமாகக் காதில் விழுவதில்லை. எல்லோருடைய லேப்டாப்பிலும் ஒரே டாக்கர் இமேஜ் ஓடுகிறது. நிரலைச் சேர்க்கும்போதெல்லாம் தானாகவே டெஸ்டுகளை ஓட்டிப் பார்க்கும் சிஐ சர்வரிலும் அதே இமேஜ்தான். எங்கோ ஒரு தரவு மையத்தில் அந்த இமேஜிலிருந்து கன்டெய்னர் ஒன்று எழுகிறது, டெஸ்டுகள் ஓடுகின்றன, பச்சைக் குறி விழுகிறது, கன்டெய்னர் அழிகிறது, நாங்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறோம். இது நல்லதுதானே என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். நல்லதுதான். ஆனாலும் அந்தக் கேள்வியோடு சேர்ந்து வேறு ஏதோ ஒன்றும் போய்விட்டது என்ற எண்ணம் விலக மறுக்கிறது. போனது தொல்லை மட்டும்தானா, தொல்லையின் வடிவில் நமக்கு வந்துகொண்டிருந்த ஒரு செய்தியும் அதோடு நின்றுவிட்டதா என்பது மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது.

அந்தச் சச்சரவுகள் எதைப் பற்றி இருந்தன என்று நினைத்துப் பார்க்கிறேன். மேக்கில் வேலை செய்தவர் ஒரு கோப்பின் ஆங்கிலப் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கியிருப்பார். நிரலுக்குள் அதையே சிறிய எழுத்தில் அழைத்திருப்பார். மேக்கின் கோப்பு முறைமை வழக்கமான அமைப்பில் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் எடுத்துக்கொள்ளாது. விண்டோஸில் வரி முடியும் இடத்தில் இரண்டு குறிகள், லினக்ஸில் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூடுதல் குறி தட்டி ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே விழுந்துவிடும். ஒருவருடைய கடிகாரம் இந்திய நேரத்தில் இருக்கும், சர்வர் யுடிசியில் இருக்கும், நடுவே ஐந்தரை மணி நேரம். காரணத்தைத் தேட இரண்டு மெஷின்களின் சூழல் மாறிகளையும் அச்சிட்டு, டெர்மினல்களைப் பக்கம் பக்கமாக வைத்து, வரி வரியாக விரலால் தொட்டுக்கொண்டே போவோம். ஏசியின் இரைச்சல், சூடேறிய லேப்டாப்பின் விசிறிச் சத்தம், ஆறிப்போன காபியின் மேல் படர்ந்த ஆடை. கடைசியில் அகப்படும் வித்தியாசம் அற்பமானதாகவே இருக்கும். ஆனால் அற்பமான அந்த வித்தியாசம் ஒவ்வொன்றும் நிரலைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் போனது. இந்த நிரல் நேரத்தை வெளியிலிருந்து கடன் வாங்குகிறது. இந்த நிரல் கோப்புப் பெயர்களைப் பற்றி ஒன்றை நம்புகிறது. எழுதியவருக்கே தெரியாத அந்த நம்பிக்கை, இரண்டு மெஷின்கள் முரண்பட்டபோதுதான் வெளியே வந்தது.

அதற்காக, கன்டெய்னர் வருவதற்கு முன்பிருந்த சிஐ சர்வர்களை அறிந்த எவரும் அந்தக் காலத்துக்குத் திரும்ப ஆசைப்பட மாட்டார்கள். எல்லோருடைய நிரலையும் அடிக்கடி ஒன்றுசேர்க்க வேண்டும், சேர்க்கும் ஒவ்வொரு முறையும் முழுமையாகக் கட்டிச் சோதிக்க வேண்டும் என்பதைக் கென்ட் பெக்கின் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் ஒரு நெறியாகவே வைத்தது. மார்ட்டின் ஃபவுலர் 2000ஆம் ஆண்டில் அதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். நெறி சரியானது, அதை நிறைவேற்றிய பெட்டிகள்தான் அழுக்கேறிக் கிடந்தன. ஹட்சன் என்று தொடங்கி 2011இல் ஜென்கின்ஸ் ஆன மென்பொருள் ஓடிய சர்வர்களில், ஒரு திட்டத்துக்காக யாரோ என்றோ நிறுவிய லைப்ரரி வேறொரு திட்டத்தின் டெஸ்டைச் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருக்கும். நிறுவியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். அந்தப் பெட்டியை அணைத்துப் போடவே அஞ்சுவார்கள். புதிதாகச் சேர்ந்த இளைஞர் தன் லேப்டாப்பில் திட்டத்தை ஓடவைக்க முதல் வாரம் முழுவதையும் செலவழித்துவிட்டு, தனக்குத்தான் அறிவு போதவில்லை என்று மனம் குன்றிப்போவார். கன்டெய்னர் இந்த அவமானங்களைத் துடைத்தது. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு புதிய பிறப்பு, முடிந்ததும் ஒரு முழு மறைவு, முந்தைய ஓட்டத்தின் எச்சம் எதுவும் அடுத்ததைத் தொடுவதில்லை. புதியவர் ஒரே கட்டளையில் முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடுகிறார். இதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் இந்த ஒற்றுமை எப்படிக் கிடைக்கிறது என்று உள்ளே போய்ப் பார்க்கும்போது சங்கடம் இன்னும் கூடுகிறது. லினக்ஸ் கர்னலைப் பொறுத்தவரை கன்டெய்னர் என்று ஒரு பொருளே கிடையாது. அங்கே இருப்பது ஒரு சாதாரண புராசஸ். அதன் பார்வையைக் கர்னல் குறுக்கிவைத்திருக்கிறது, அவ்வளவுதான். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸின் சிஎச்ரூட் என்ற அழைப்பு, ஒரு புராசஸுக்கு ஒரு கோப்புறையையே முழு உலகமாகக் காட்டியது. 2000இல் ஃப்ரீபிஎஸ்டி அதை வளர்த்தெடுத்து 'ஜெயில்' என்று வெளிப்படையாகவே பெயர் வைத்தது. 2006இல் கூகுள் பொறியாளர்கள் தொடங்கிய சிகுரூப் 2008 ஜனவரியில் 2.6.24 கர்னலோடு வெளிவந்து, ஒரு புராசஸ் கூட்டம் எவ்வளவு நினைவகமும் சிபியுவும் எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லை வகுத்தது. நேம்ஸ்பேஸ்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, பிற புராசஸ்களையும் பிணையத்தையும் பயனர்களையும் கண்ணிலிருந்து மறைத்தன. 2013 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த பைதான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சில் டாக்கரைக் காட்டியபோது இந்த மறைப்புகள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. அடைத்துவைக்க உருவான கருவிகளை எடுத்துச் செல்வதற்கான கருவியாக மாற்றியதே டாக்கரின் பெரும் சாதனை. அடுக்கடுக்கான கோப்புகளாக ஒரு சூழலையே கட்டி, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி அது செய்துவிட்டது. இதை யோசிக்கும்போதெல்லாம் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறேன். நிரல் எங்கும் ஒன்றுபோல் ஓடுகிறது என்றால், அது தன் சுற்றுப்புறத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டதால் அல்ல. சுற்றுப்புறம் அதன் கண்ணில் படாதபடி நாம் மறைத்துவிட்டோம்.

அப்படி மறைத்துக் கிடைத்த ஒற்றுமைக்கும் ஒரு தேதி உண்டு. இமேஜைக் கட்டுவதற்கான டாக்கர்ஃபைலைத் திறந்தால் சில வரிகள்தான்: இந்த டெபியனை எடு, தொகுப்புப் பட்டியலைப் புதுப்பி, இன்னின்னவற்றை நிறுவு, இந்தக் கோப்புகளைப் பிரதியெடு. படிக்கையில் ஒரு சூழலின் முழு வரையறைபோலத் தோன்றுகிறது. உண்மையில் அது அன்றைய இணையத்தை நோக்கி விடுக்கப்படும் கோரிக்கை. இன்று கட்டினால் ஓர் இமேஜ் கிடைக்கும், ஆறு மாதம் கழித்துக் கட்டினால் வேறொன்று கிடைக்கும், சில ஆண்டுகள் போனால் ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். 2019 மார்ச்சில் டெபியன் ஜெஸ்ஸியின் புதுப்பிப்புத் தொகுப்பகத்தை வழக்கமான மிரர் சர்வர்களிலிருந்து எடுத்தபோது, அதை நம்பியிருந்த டாக்கர்ஃபைல்கள் ஒரே நாளில் 404 என்று நின்றன. 2021 டிசம்பரோடு ஆதரவு முடிந்த சென்ட்ஓஎஸ் 8இன் தொகுப்புகள் மறு ஆண்டின் தொடக்கத்தில் இடம் மாறியபோதும் அதே கதை. அந்த டாக்கர்ஃபைல்களில் ஓர் எழுத்துகூட மாறியிருக்கவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், கேஷ் இருக்கும்வரை இது யாருக்கும் தெரியவராது. வரி மாறவில்லை என்றால் டாக்கர் அதை மறுபடி ஓட்டுவதில்லை. முன்பு கட்டிய அடுக்கையே எடுத்துத் தந்துவிடுகிறது. செத்துப்போன ஒரு வரி மாதக்கணக்கில் பச்சைக் குறியோடு வாழ்கிறது. 'லேட்டஸ்ட்' என்ற டேகை நம்பினால் அது இன்று ஓர் இமேஜையும் நாளை வேறொன்றையும் சுட்டும். அதை விட்டு, உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் 64 குறிகள் கொண்ட எஸ்எச்ஏ-256 அடையாளத்தால் இமேஜைக் கட்டிப்போட்டால் ஒற்றுமை உறுதியாகிறது. ஆனால் அப்போது பழைய ஓபன்எஸ்எஸ்எல்லின் ஓட்டைகளும் சேர்ந்தே உறைந்துவிடுகின்றன. மாறவிட்டால் ஒற்றுமை இல்லை, மாறாமல் வைத்தால் பாதுகாப்பு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் அன்றாடம் யாரோ ஒருவர் முடிவெடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒருவர் இன்று எந்த அணியில் இருக்கிறார் என்று தேடிப் பார்க்கத் தோன்றுகிறது.

தேதியைப் போலவே இந்த ஒற்றுமைக்கு ஓர் அடித்தளமும் உண்டு, அந்த அடித்தளம் எங்கும் ஒன்றல்ல. இமேஜுக்குள் கர்னல் கிடையாது. ஓடும் இடத்தின் கர்னலையே எல்லாக் கன்டெய்னர்களும் பகிர்ந்துகொள்கின்றன. மேக்கிலும் விண்டோஸிலும் டாக்கர் அடியில் ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியை ஓட்டுகிறது, அதற்கு வேறு கர்னல், வேறு கோப்புப் பகிர்வு. 2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 சிப் வந்தபோது மேசைமேல் இருந்த லேப்டாப் ஆர்ம் ஆகிவிட்டது, சிஐ சர்வர்களோ பெரும்பாலும் இன்டெல் வழியிலேயே நின்றன. ஒரே பெயரும் ஒரே டேகும் கொண்ட இமேஜ் இரண்டு இடங்களில் இரண்டு வேறு பைனரிகளாக இறங்கியது. அல்லது இன்டெல் இமேஜை எமுலேட்டர் வழியாக முனகி முனகி ஓட்ட வேண்டியிருந்தது. ஜாவாவின் பழைய பதிப்புகள் கன்டெய்னருக்கு விதித்த நினைவக எல்லையைப் பாராமல் முழு சர்வரின் நினைவகத்தைப் பார்த்துத் தம் ஹீப்பின் அளவைத் தீர்மானித்தன. எல்லை தாண்டியதும் கர்னல் அந்தப் புராசஸைக் கொன்றது. லேப்டாப்பில் நிற்காத நிரல் சர்வரில் நின்றது. பெயர் ஒன்றாக இருந்ததாலேயே, வித்தியாசம் இருக்கக்கூடும் என்ற எண்ணமே யாருக்கும் முதலில் வரவில்லை.

இவையெல்லாம் ஒற்றுமை முழுமையாக இல்லாததால் வரும் தொல்லைகள். என்னை அதைவிட அதிகம் அலைக்கழிப்பது, ஒற்றுமை முழுமையாகவே இருந்துவிடும் சந்தர்ப்பம். ஒரு தமிழ் நூலகப் பட்டியல் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பலா, பவளம், பழம், பனை என்ற நான்கு சொற்களை அது வரிசைப்படுத்த வேண்டும். நெடுங்கணக்கின்படி ல, வ, ழ, ள, ற, ன என்று போவதால் மேலே சொன்னதே சரியான வரிசை. ஆனால் யூனிகோடின் தமிழ்ப் பகுதி இந்திய மொழிகளுக்குப் பொதுவான இஸ்கி ஒழுங்கைத் தழுவியது. அங்கே ன என்பது நவின் பக்கத்திலும் ற என்பது ரவின் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கின்றன, ளவும் ழவும் வவுக்கு முன்னாலேயே வந்துவிடுகின்றன. சிறிய இமேஜ் வேண்டுமென்று ஆல்பைன் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால், அதன் அடிப்படை லைப்ரரியான மஸலுக்கு மொழிக்கேற்ற வரிசை தெரியாது. எண்களை மட்டும் பார்த்து ஒப்பிடும். பனை, பலா, பழம், பவளம் என்று விடை வரும். இனி நடப்பதைப் பாருங்கள். எழுதியவரின் லேப்டாப்பில் ஆல்பைன் கன்டெய்னர், பக்கத்து இருக்கையிலும் அதுவே, சிஐயிலும் அதுவே, வாடிக்கையாளருக்குப் போகும் சர்வரிலும் அதுவே. வந்த விடையையே எதிர்பார்க்கும் விடையாக டெஸ்டில் எழுதியிருந்தால் எங்கும் பச்சை. எந்த இரண்டு மெஷினும் முரண்படுவதில்லை. தவறான வரிசை, எல்லோரும் ஒப்புக்கொண்ட வரிசையாகிவிடுகிறது. பழைய நாட்களில் யாராவது ஒருவரின் உபுண்டுவில் தமிழ் லொகேல் நிறுவியிருப்பார்கள். அவருக்கு மட்டும் டெஸ்ட் விழும். எல்லோரும் அவர்மேல் எரிச்சல்படுவார்கள். ஆனால் சரியாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

நேரமும் இப்படித்தான். கன்டெய்னர்கள் வழக்கமாக யுடிசியில் ஓடுகின்றன. சென்னையில் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குப் போடும் ரசீது யுடிசிப்படி முந்தைய நாள் இரவு 7.30க்குப் போடப்பட்டது. அன்றைய கணக்கை முடிக்கும் நிரல் இந்த வித்தியாசத்தை மறந்திருந்தால், யுடிசியிலேயே எழுதி யுடிசியிலேயே சோதிக்கும் உலகத்தில் அது என்றைக்கும் தெரியவராது. கடைக்காரர்தான் கண்டுபிடிப்பார். முரண்பாடு எவ்வளவு பயன்படும் என்பது பழைய ஏடுகளைப் பதிப்பித்தவர்களுக்குத் தெரியும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததற்குப் பின்னால், ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட உழைப்பு இருந்தது. ஏடுகள் முரண்பட்ட இடங்களில்தான் மூலம் எது என்ற கேள்வி பிறந்தது. எல்லா ஏடும் ஒரே ஏட்டைப் பார்த்து எழுதியவையாக இருந்திருந்தால் அவருக்குப் பாடபேதமே கிடைத்திருக்காது, பிழைகள் பிழைகளாகத் தெரிந்திருக்கவும் வழியில்லை. நம் டெஸ்டுகள் இன்று ஒரே ஏட்டின் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தி அடைகின்றன.

இதற்கு நேர் எதிரான வழியில் ஒற்றுமையைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். டெபியனில் 2013இல் தொடங்கிய மறுவுருவாக்க முயற்சியைத்தான் சொல்கிறேன். ஒரு மூல நிரலிலிருந்து யார், எங்கே, எப்போது கட்டினாலும் பைட்டுக்குப் பைட் ஒரே பைனரி வர வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அதைச் சோதிக்க அவர்கள் சூழலை மூடி முத்திரை வைப்பதில்லை, வேண்டுமென்றே குலைக்கிறார்கள். ஒவ்வொரு தொகுப்பையும் இரண்டு முறை கட்டுகிறார்கள். இரண்டாவது முறை கடிகாரத்தை ஓராண்டுக்கு மேல் முன்தள்ளிவைக்கிறார்கள். நேர வலயம், லொகேல், மெஷினின் பெயர், பயனரின் பெயர், சில சமயம் கர்னலையும்கூட மாற்றிவிடுகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் இரண்டு பைனரிகளும் ஒன்றாக இருந்தால்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். இந்தச் சோதனையில் விழுந்த தொகுப்புகளில் மேலே சொன்னவை போன்ற குற்றவாளிகளே திரும்பத் திரும்ப அகப்பட்டார்கள்: பைனரிக்குள் பதிந்துவிடும் நேரம், லொகேலுக்கேற்ப மாறும் வரிசை, கோப்புறையைப் படிக்கும்போது கிடைத்த ஒழுங்கை அப்படியே நம்புவது. ஒவ்வொன்றையும் தேடி நிரலின் மூலத்திலேயே திருத்தினார்கள். இங்கே ஒற்றுமை என்பது நிரல் சம்பாதித்த குணம். கன்டெய்னரில் அது சூழல் தரும் சலுகை. சலுகை இருக்கும்வரை இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். சலுகை விலகும் நாளில்தான் எது எதுவென்று தெரியும்.

இந்த வேறுபாடு வெறும் தத்துவம் அல்ல என்பதற்கு 2021இல் கோட்கவ் என்ற சேவைக்கு நேர்ந்தது சாட்சி. அவர்கள் டாக்கர் இமேஜ் கட்டும் முறையில் இருந்த ஒரு பிழையின் வழியாகத் தாக்குபவர் ஒரு சாவியை எடுத்து, வாடிக்கையாளர்களின் சிஐகளில் ஓடும் பாஷ் ஸ்கிரிப்டை மாற்றிவிட்டார். ஜனவரி இறுதியிலிருந்து ஏப்ரல் முதல் தேதிவரை அந்த ஸ்கிரிப்ட், ஓடிய இடங்களிலிருந்த ரகசியச் சாவிகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. பச்சைக் குறிகள் வழக்கம்போல விழுந்துகொண்டிருந்தன. ஒரே கோப்பை எல்லோரும் ஒரே இடத்திலிருந்து இறக்கிக்கொண்டால் அதில் நுழையும் நஞ்சும் ஒரே சீராக எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு வாடிக்கையாளர். இறக்கிய கோப்பின் ஹாஷ் தொகையையும் கிட்ஹப்பில் வெளியிட்டிருந்த தொகையையும் ஒப்பிட்டார், இரண்டும் பொருந்தவில்லை. இரண்டு மாதம் யார் கண்ணிலும் படாதது, ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்ததால் வெளிவந்தது.

ஆகவே என் சங்கடத்தை இப்போது இன்னும் தெளிவாகச் சொல்ல முடிகிறது. இமேஜ் ஒரு நிலையைப் பாதுகாக்கிறது, காரணத்தைப் பாதுகாப்பதில்லை. ஏன் இந்தப் பதிப்பு, ஏன் இந்த லைப்ரரி, இந்த வரியை எடுத்துவிட்டால் எது உடையும் என்பதை அந்தச் சாயங்காலச் சச்சரவுகளில்தான் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டோம். சச்சரவு போனது, கற்றலுக்கு வேறு இடம் ஒதுக்க மறந்துவிட்டோம். பல டாக்கர்ஃபைல்களில் யாரும் தொட அஞ்சும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்கும் பழைய ஜென்கின்ஸ் பெட்டிக்கும் அதிக தூரம் இல்லை; அழுக்கு சர்வரிலிருந்து கோப்புக்கு இடம் மாறியிருக்கிறது, சுத்தமாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

கன்டெய்னரைக் கைவிடுங்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். அதோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை சில உண்டு, இதைப் படிக்கும் பொறியாளர்கள் அவற்றைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாரத்துக்கு ஒரு முறையாவது கேஷ் இல்லாமல் இமேஜை அடியிலிருந்து கட்டுங்கள். அடிப்படை இமேஜை ஹாஷ் அடையாளத்தால் கட்டிப்போடுங்கள், அதைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஒரு மனிதரின் பெயரில் எழுதிவையுங்கள். டாக்கர்ஃபைலின் ஒவ்வொரு வரிக்கும் மேலே அது ஏன் இருக்கிறது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். சிஐயில் வழக்கமான ஓட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் வையுங்கள்: சென்னை நேரத்தில், தமிழ் லொகேலில், ஆல்பைனுக்குப் பதில் டெபியனில், முடிந்தால் ஆர்மிலும். அந்த இரண்டாவது ஓட்டம் சிவப்பாகும் நாளில் அதை அணைத்துவிடாதீர்கள். இருவராக உட்கார்ந்து, ஏன் என்று கண்டுபிடியுங்கள்.